நாலு மாசமா காவலுக்கு ஆள் இல்ல

மார்ச் 3

அண்ணா,

நேத்து மதியம் பல் டாக்டரம்மா போன் பண்ணாங்க. கையில வேலை இருந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டேன். அது என் முட்டாள்தனம். கடையில இருந்த அத்தனை பேரும் கேட்டாங்க.

"ஆஸ்பத்திரிக்கு உனக்காக எழுதிக் குடுக்கறேன்னு சொன்னேன்ல, அது முடியாதும்மா. உங்க அண்ணனோட பல் செய்யற லேப்ல இருந்து வந்த பென் டிரைவைப் போட்டதும் எங்க எக்ஸ்ரே பூராவும் பூட்டிக்கிச்சு. மூணு நாளா ஒரு படத்தைத் திறக்க முடியல. அவரைக் கேட்டா, எல்லாம் என் தங்கச்சி பண்ணிவச்ச வேலைங்கறாரு. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

வச்சுட்டாங்க.

உனக்குத் தெரியாது, சொல்றேன். இங்க பெரிய ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் எடுக்கறாங்க. டிகிரி கேக்கல. ரெண்டாம் வருஷத்துல காலேஜை விட்டவளுக்கு இப்படி ஒண்ணு எத்தனை தடவை வரும்? டிகிரிக்குப் பதிலா, "இவளை நம்பலாம்"னு ரெண்டு பேர் எழுதிக் குடுக்கணும். ஒருத்தர் எங்க ரிப்பேர் கடை முதலாளி. குடுத்துட்டார். இன்னொருத்தர் டாக்டரம்மா. அவங்க கிளினிக் கம்ப்யூட்டரை ரெண்டு வருஷம் நான்தானே பாத்துக்கிட்டேன். மார்ச் 28க்குள்ள அந்தத் தாள் போகலைன்னா என் பேரை அடிச்சிருவாங்க.

உன்னோட சண்டை போட்டுட்டு நான் வீட்டை விட்டு வந்தது நவம்பர் 19. இன்னைக்கு மார்ச். நடுவுல உன் மெஷின் பக்கம் என் நிழல்கூட விழல. அப்புறம் எப்படி அது என் வேலை?

போன் பண்ணாத. உன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன், எடுக்க மாட்டேன். போன்ல நீ கத்துவ, நான் கத்துவேன், அம்மா நடுவுல அழுவாங்க. மெயிலும் வேணாம், உன் கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற எதையும் நான் திறக்க மாட்டேன். தாள்ல எழுது. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே பாத்து எழுது. உன் அபிப்பிராயத்தைச் சேக்காத.

தங்கச்சி

*

மார்ச் 7

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மரியாதை என்ற ஒன்றை அந்த ஊரில் விற்பதில்லை போலிருக்கிறது.

நீ கேட்டபடி எழுதுகிறேன். வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழ், "பாதுகாப்பு இயங்கவில்லை, உங்கள் சாதனம் ஆபத்தில் உள்ளது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே "இயக்கு" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு வினாடி மங்குகிறது, பிறகு பழையபடி நிற்கிறது. நாற்பது முறை அழுத்தியிருப்பேன். கணினியோடு கூடவே வந்த பாதுகாப்பு இது, நாம் தனியாக வாங்கி வைத்ததில்லை. சும்மா இருப்பதை ஆன் செய்ய முடியவில்லை என்றால் யாரோ அதை வேண்டுமென்றே ஆஃப் செய்திருக்க வேண்டும். இந்த வீட்டில் அந்தக் கணினியின் உள்ளே கைவிட்டு நோண்டியது நீ ஒருத்தி மட்டும்தான். பாட்டு, விளையாட்டு என்று கண்டதையும் இறக்கியதும் நீதான். வேறு யார் மேல் சந்தேகப்படச் சொல்கிறாய்? அம்மா மேலா?

டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

தெருமுனைக் கணினிக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாம் சார், ரெண்டு மணி நேர வேலை" என்றார். அவருக்கு ரெண்டு மணி நேரம். எனக்கு? பதினாறு பேருடைய தாடை அளவு அதற்குள் இருக்கிறது. இன்னும் செதுக்காத பல் கேப்கள். ஒருவர் முன்பல் இல்லாமல் மகளுடைய கல்யாணத்துக்குக் காத்திருக்கிறார். மறுபடி அளவெடுக்க வாருங்கள் என்று அந்தப் பதினாறு பேரையும் கூப்பிட என்னால் முடியாது. செதுக்கும் மெஷினை நிறுத்தி ஆறு நாள் ஆகிறது. எந்த கிளினிக்கும் என் பென் டிரைவைத் தொடுவதில்லை.

படிப்பைப் பாதியில் விட்டவளிடம் போய் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. என்ன செய்து வைத்தாய், எப்படிச் சரி செய்வது, இரண்டையும் எழுது.

அண்ணன்

*

மார்ச் 10

அண்ணா,

படிப்பைப் பாதியில விட்டவ, படிப்பைப் பாதியில விட்டவ. முழுசா முடிச்ச நீ ஒரு பட்டனை நாற்பது தடவை அமுக்கிட்டு உக்காந்திருக்க. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறவன்கூட அஞ்சு தடவைக்கு மேல அமுக்க மாட்டான்.

முதல்ல நெட் கேபிளைப் பிடுங்கு. இந்த வரியைப் படிச்ச உடனே எழுந்து போய்ப் பிடுங்கிட்டு வந்து மிச்சத்தைப் படி.

பிடுங்கிட்டியா? சரி.

அந்தப் பாதுகாப்பு ஆன் ஆகாம இருக்க நாலஞ்சு காரணம் உண்டு. என் கடைக்கு வாரத்துக்கு மூணு மெஷின் இதே நோயோட வருது. ஒவ்வொண்ணா பாரு, பாத்ததை எழுது, பாக்காததைப் பாத்ததா எழுதாத.

கடிகாரத்தைப் பாரு. தேதி, வருஷம் எல்லாம் சரியா இருக்கா? தேதி தப்புன்னா அது எதையும் நம்பாது.

அடுத்து, உன் கணக்குக்கு முழு உரிமை இருக்கான்னு பாரு. இருக்கணும். போறப்போ நான் என் கணக்கை எடுத்துட்டு எல்லா உரிமையும் உன் பேர்லதான் வச்சுட்டு வந்தேன். கோவத்துலயும் அதைச் செஞ்சுட்டுத்தான் வாசப்படி தாண்டினேன், ஞாபகம் வச்சுக்க.

அப்புறம், மெஷின்ல என்னென்ன புரோகிராம் இருக்குன்னு ஒரு பட்டியல் வரும். எங்க இருக்குன்னு பின்னாடி படம் போட்டிருக்கேன். அதுல வேற ஏதாவது ஆன்டிவைரஸ் பேர் இருக்கா? இருந்தா, அதை எடுக்கச் சொல்லி அமுக்கினா என்ன சொல்லுது?

கடைசியா ஒரு கேள்வி. இது மெஷினைப் பத்தி இல்ல, உன்னைப் பத்தி. நான் போனதுக்கு அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர்ல நீ என்ன பண்ணின? "ஒண்ணும் பண்ணல"ன்னு எழுதாத. இங்க வர்ற ஒவ்வொருத்தரும் அதைத்தான் சொல்றாங்க. "ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா இப்படி ஆயிடுச்சு." எந்த மெஷினும் அதுவா எதுவும் ஆகாது.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கு எனக்கு.

தங்கச்சி

*

மார்ச் 14

தங்கைக்கு,

கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

தேதி சரியாக இருக்கிறது, வருடமும். முழு உரிமை என் பெயரில்தான் இருக்கிறது.

பட்டியலை முழுக்கப் பார்த்தேன். நாற்பத்தொரு புரோகிராம். அதில் ஒரு ஆன்டிவைரஸின் பெயர் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மற்றவற்றுக்கு இருப்பதுபோல் அதற்குப் படம் இல்லை, வெறும் வெள்ளைச் சதுரம். எடுக்கச் சொன்னால், "கோப்பு கிடைக்கவில்லை" என்கிறது. இல்லாததை எப்படி எடுப்பது, இல்லை என்றால் பெயர் எதற்குப் பட்டியலில் நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நீ போட்டதாகத்தான் இருக்கும்.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில். ஒளிக்க எனக்கு எதுவும் இல்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று மாலை, கணினியில் உன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். "வாலு" என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நான் உன்னைக் கூப்பிடும் பெயரையே அதற்கு வைத்திருந்தாய். திறந்துகூடப் பார்க்கவில்லை. உன் பாட்டும் குப்பையும் என் தொழில் கணினியில் எதற்கு? அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. மறுபடி முயன்றேன், மறுபடியும் இல்லை என்றது. நாலு முறை. என் வீட்டில், என் கணினியில், எனக்கு அனுமதி இல்லையாம். கோபம் தலைக்கேறியது. அப்போதே தெருமுனைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் அந்த இரண்டாவது டிஸ்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டி, அங்கே வைத்துத் துடைத்துக் கொடுத்தார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாப்பிடவும் இல்லை.

ஆக, உன்னுடையது எதுவும் இதில் இப்போது இல்லை. சுத்தம். பிறகு எப்படி வைரஸ் வந்தது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணன்

*

மார்ச் 17

அண்ணா,

உன் கடுதாசியை நின்னுக்கிட்டே படிச்சேன். அப்புறம் உக்காந்து படிச்சேன். அப்புறம் முதலாளிகிட்ட காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "உங்க அண்ணன் கோவக்காரர்தான், ஆனா உழைப்பாளிம்மா"ன்னார். டிஸ்கைக் கழட்டி எடுத்துட்டுப் போய் அழிச்சவனை வேற என்ன சொல்றது.

வாலு ஃபோல்டர்ல பாட்டு இல்ல. விளையாட்டு இல்ல. அதுலதான் காவல்காரன் இருந்தான்.

போன வருஷம் வெளி கிளினிக்ல இருந்தெல்லாம் பென் டிரைவ் வர ஆரம்பிச்சுச்சே, அப்போ கூட வந்த பாதுகாப்பு மட்டும் பத்தாதுன்னு தனியா ஒரு ஆன்டிவைரஸ் போட்டேன். முதல் டிஸ்க் பூரா உன் தாடைங்க. நகர இடமில்ல. அதனால ரெண்டாவது டிஸ்க்ல, என் ஃபோல்டருக்குள்ள போட்டேன். உன்கிட்ட சொன்னேன். நீ மெழுகை உருக்கிட்டு "சரி சரி, போ"ன்ன.

இப்போ கேளு. ஒரு மெஷின்ல வேற ஆன்டிவைரஸ் வேலைக்கு வந்து பேரைப் பதிஞ்சுட்டா, கூடவே வந்தது தானா ஒதுங்கிக்கும். ரெண்டு பேர் ஒரே வாசல்ல நின்னா ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்குவாங்கன்னு அப்படி ஏற்பாடு. புதுசா வந்தவன் முறையா சொல்லிட்டுப் போனா, பழைய ஆள் மறுபடி வந்து நிப்பான். ஆனா நீ அவனை முறையா அனுப்பல. தூங்கறப்போ கட்டிலோட தூக்கி வெளிய போட்டுட்ட. ஆள் இல்ல, பதிவேட்டுல பேர் மட்டும் அப்படியே இருக்கு. பேர் இருக்கறதால பழைய ஆள், "அதான் ஒருத்தன் டூட்டியில இருக்கானே"ன்னு வர மாட்டேங்கறான். நீ நாற்பது தடவை என்ன, நாலாயிரம் தடவை கூப்பிட்டாலும் வர மாட்டான். நல்ல மெஷினா இருந்தா நாலு நாள்ல அதுவே கண்டுபிடிச்சிருக்கும். நீ அப்டேட்டையும் நிறுத்தி வச்சிருப்ப, எனக்குத் தெரியும், செதுக்கறப்போ நடுவுல ரீஸ்டார்ட் ஆகுதுன்னு.

நவம்பர் 19ல இருந்து நாலு மாசம் உன் மெஷினுக்குக் காவலே கிடையாது. எவனோ ஒருத்தன் கிளினிக் பென் டிரைவ்ல வந்தது உன்கிட்ட சொகுசா குடியிருந்துட்டு டாக்டரம்மா கிளினிக்குக்குப் போயிருக்கு.

முழு உரிமை இருந்தாலும் தன்னை அழிக்க அந்த ஆன்டிவைரஸ் யாரையும் விடாது. வேணாம்னு நாலு தடவை சொல்லியிருக்குது அண்ணா. மெஷின். உன்கிட்ட. நாலு தடவை.

இதைச் சரி பண்ண வழி இருக்கு. அந்த ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரனே மிச்சம் மீதியைத் துடைக்க ஒரு சின்ன புரோகிராம் குடுக்கறான். அதை ஒரு பென் டிரைவ்ல ஏத்தி வச்சுட்டேன். இப்போ என் மேஜை மேல என் முன்னாடி இருக்கு. உன் தாடைங்கள்ல ஒண்ணுகூடப் போகாது. ஆனா அனுப்ப மாட்டேன்.

நீ டாக்டரம்மாகிட்ட போ. நேர்ல போ. "காவலைக் கழட்டிப் போட்டது நான்தான், தங்கச்சி இல்ல"ன்னு சொல்லு. அவங்க எழுதற தாள் 28க்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீ சொல்லிட்டேன்னு எழுது, அன்னைக்கே அனுப்பறேன்.

தங்கச்சி

*

மார்ச் 20

தங்கைக்கு,

போனேன். பேசினேன். டாக்டர் சமாதானமாகிவிட்டார், தேநீர்கூடக் கொடுத்தார். பழையபடி வேலை தருவதாகச் சொன்னார்.

நீ கேட்டது நடந்துவிட்டது. பென் டிரைவை அனுப்பு. பத்தொன்பது நாளாக மெஷின் நிற்கிறது.

அண்ணன்

*

மார்ச் 23

அண்ணா,

உன் கடுதாசி வந்தப்போ சந்தோஷப்பட்டேன். ஒரு பத்து நிமிஷம். அப்புறம் டாக்டரம்மாவுக்கு நானே போன் பண்ணி, "தாள் எப்பம்மா அனுப்புவீங்க"ன்னு கேட்டேன்.

"என்ன தாளு? உங்க அண்ணன் வந்தாரு, தங்கமான மனுஷன். 'அறியாத பொண்ணு டாக்டர், ஏதோ தப்பு நடந்துபோச்சு, அவளுக்காக நான் மன்னிப்பு கேக்கறேன்'னு கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்மா. ஆனா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கற விஷயம் வேற, அது நடக்காது."

நான் பண்ணாத தப்புக்கு நீ மன்னிப்பு கேட்டிருக்க. கையெடுத்துக் கும்பிட்டு. நல்ல அண்ணன் வேஷம் கட்டி, உன் வேலையை வாங்கிட்டு, தேநீர் குடிச்சுட்டு வந்திருக்க. முதல்ல நீ சொன்னது தெரியாம சொன்ன பொய். அதைக்கூட மன்னிச்சிருப்பேன். இது தெரிஞ்சே சொன்னது.

ஒரு வரி அண்ணா. "நான்தான்." நாலே எழுத்து, அதைச் சொல்ல உனக்கு வாய் வரல. ஊர்ல எல்லாருக்கும் பல்லு செஞ்சு குடுக்கற.

பென் டிரைவ் இதோட இருக்கு.

உனக்காக அனுப்பல. பல் இல்லாம வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கிற பதினாறு பேர் எனக்கு ஒண்ணும் பண்ணல. அவங்களை வச்சு உன்னோட பேரம் பேசினேன், அது எனக்கே பிடிக்கல, அவ்வளவுதான்.

பென் டிரைவோட ஓரத்துல ஒரு சின்னப் பூட்டு இருக்கு. தள்ளி வச்சிருக்கேன், தொடாத. அது இருக்கிற வரைக்கும் உன் மெஷின்ல இருக்கிற பீடை இதுல ஏற முடியாது. நெட் கேபிள் வெளியவே இருக்கட்டும். உள்ள "ஒண்ணு"ன்னு பேர் போட்டதை ஓட்டு, முடிஞ்சதும் ரீஸ்டார்ட் கேக்கும், குடு. பழைய காவல் தானா எழுந்திரும். பொத்தானை அமுக்காத, தயவுசெஞ்சு. அப்புறம் "ரெண்டு"ன்னு இருக்கிறதை ஓட்டு, அது புது வைரஸ் பட்டியல். அப்புறம் முழு ஸ்கேன். ஒரு நாள் பிடிக்கும். பிடிச்சதையெல்லாம் அழிச்சு, பச்சைக் குறி வந்த பிறகுதான் கேபிளைக் குத்தணும்.

எனக்கு இனிமே எழுதாத.

*

மார்ச் 26

வாலு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி.

நேற்று முன்தினம் காலையில் "ஒண்ணு"வை ஓட்டினேன். ஆறு நிமிடத்தில் முடிந்தது. முடிவில் ஒரு அறிக்கை வந்தது, எதை எதை எடுத்தது என்று. அதன் நடுவில் ஒரு வரி: கடைசியாக இயங்கியது, நவம்பர் 19, மாலை 5.40.

அந்த நேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் கணினியை மூடச் சொன்ன நேரம். அதுவரை அது வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நீ போன பிறகும், நான் அதை நாலு முறை வெளியே தள்ளப் பார்த்தபோதும்.

நீ எழுதியதைப் படித்தபோதே புரிந்ததுதான். புரிந்துகொண்டேதான் டாக்டரிடம் போய் அப்படிப் பேசினேன். வரவேற்பறையில் நான்கு நோயாளிகள் இருந்தார்கள். "நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது வேறு. காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ரீஸ்டார்ட் ஆனதும் பாதுகாப்பு தானாக எழுந்தது. ஸ்கேன் நேற்று மதியம் முடிந்தது. பதினொன்றைப் பிடித்தது. பச்சைக் குறி வந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வாய் மறுபடி ஏமாற்றும் என்று தெரியும், அதனால் எழுதிக்கொண்டு போனேன். அதன் நகல் இது:

"டாக்டர் அவர்களுக்கு,

என் கணினியில் பாதுகாப்பு இல்லாமல் போனதற்குக் காரணம் நான். என் தங்கை போட்டுவைத்திருந்ததை, அவள் மேல் இருந்த கோபத்தில் நான் பிடுங்கி எறிந்தேன். உங்கள் எக்ஸ்ரேக்கள் பூட்டிக்கொண்டது அதனால்தான். பழியை அவள் மேல் போட்டேன். போன வாரம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டது இரண்டாவது பொய். இப்போது கேட்பது எனக்காக. என் கணினியைச் சரிசெய்ததும் அவள்தான், அதுவும் நான் ஏமாற்றிய பிறகு.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்."

டாக்டர் இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். அறையில் இரண்டு நர்ஸ்கள். "இருக்கு" என்றேன். தேநீர் தரவில்லை. உனக்கான தாளை அங்கேயே எழுதி, என்னுடையதையும் அதோடு இணைத்து, என் கண் முன்னாலேயே கூரியரில் கொடுத்தார். இனி என் லேபுக்கு வேலை தருவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்கட்டும்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றார்.

அண்ணன்

*

ஏப்ரல் 3

அண்ணா,

தாள் 27ஆம் தேதி போய்ச் சேந்துச்சு. நேத்து இன்டர்வியூ.

பிரிவுத் தலைவி ஒரு அம்மா, நரைச்ச கிராப்பு, சிரிக்கவே மாட்டேங்கறாங்க. டாக்டரம்மா தாளை ஓரமா வச்சுட்டு உன்னோடதைத்தான் எடுத்து எடுத்துப் பாத்தாங்க. நான் நிமிந்து உக்காந்திருந்தேன். ஒரு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லணும்னு நினைச்சது அவங்க கையில எழுத்துல இருக்கு, உன் கையெழுத்துல. இனிமே என்ன கேட்டாலும் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன்.

"உங்க அண்ணன் பண்ணின தப்பு புரியுது. உன் தப்பு என்ன?"ன்னாங்க.

"என் தப்பு ஒண்ணும் இல்லைங்க."

"அது அவரோட தொழில் கம்ப்யூட்டர். அதுக்கான காவலை எங்க வச்ச?"

"என் ஃபோல்டர்ல. இடம் இல்லைங்க, அதனால."

"இடம் இல்லாதது சரி. அந்த ஃபோல்டருக்கு எதுக்கு உன் பட்டப்பேரு? நாளைக்கு நீ இங்க இருந்து கோவிச்சுக்கிட்டுப் போனா, உன் பேர்ல இருக்கிற எதையெல்லாம் நாங்க தொடக் கூடாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாக்குவாதம் பண்ண வாயைத் திறந்தேன். நீ கிளினிக்ல நின்னது ஞாபகம் வந்துச்சு, வாயைத் திறந்தா வேற வந்துச்சுன்னு எழுதியிருந்தியே. அப்படியே மூடிட்டேன். அப்புறம், "என் தப்புதாங்க. பொதுவான இடத்துல வச்சு, தாள்ல எழுதி ஒட்டிட்டு வந்திருக்கணும்"னேன்.

ஏதோ குறிச்சுக்கிட்டாங்க. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. முதல் வேலை என்ன தெரியுமா, முன்னாடி இருந்தவன் அவன் பேர்ல எதையெல்லாம் வச்சுட்டுப் போனான்னு தேடி எடுக்கறது.

அம்மாகிட்ட வேலை கிடைச்சதை மட்டும் சொல்லு. இந்த இன்டர்வியூ கதையைச் சொல்லி நீ குளிர்காயாத. உன்மேல கோவம் இன்னும் இருக்கு, தாள்ல எழுதினதால முழுசா போயிடாது. இதுல என் பங்கு கால். மிச்சம் முக்காலும் உன்னோடது. அதுல பேரம் கிடையாது.

தங்கச்சி